பணிவிடை பழகுவது எப்படி? சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஞானஸ்நானம் பெற்று சில மாதங்கள் ஆனதும் பலரும் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "நான் என்ன ஊழியம் செய்யலாம்?" கோலாலம்பூருக்கு வேலை தேடி வந்த பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து உணவகங்களில் உழைப்பவர்கள், திருமணமாகிக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்த பெண்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த ஆர்வம் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கேட்கும்போதே அவர்கள் கண்கள் மேடைப் பக்கம் போவதையும் பார்க்கிறேன்.

அது அவர்கள் தவறல்ல. ஊழியம் என்றால் வேலைக்காரன் செய்கிற வேலை. ஊழியக்காரன் என்றால் ஏவலுக்கு நிற்பவன். சபைத் தமிழில் அந்தச் சொல் மெல்ல மெல்ல மேடையேறிவிட்டது. இன்றைக்கு 'ஊழியக்காரர் வருகிறார்' என்றால் முன்வரிசையில் நாற்காலி போடுகிறோம், சால்வை வாங்கி வைக்கிறோம்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். விதவைகளுக்கு அன்றாட உணவு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது; அதைக் கவனிக்க ஏழு பேரை நியமிக்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமம் சாப்பாட்டு வேலையை 'விசாரணை' என்றும் 'பந்திவிசாரணை' என்றும், வசனம் போதிப்பதை 'ஊழியம்' என்றும் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், 'டியாகோனியா'. சோறு பரிமாறுவதும் வசனம் பரிமாறுவதும் ஒரே பெயரில் நிற்கின்றன. ரோமர் 16இல் கெங்கிரேயா சபையின் பெபேயாள் என்ற பெண்ணைப் பவுல் அறிமுகப்படுத்துவதும் இதே குடும்பத்துச் சொல்லால்தான். அதனால் இந்தக் கட்டுரையில் நான் 'பணிவிடை' என்றே எழுதுகிறேன். இந்தச் சொல்லுக்கு இன்னும் யாரும் மாலை போடவில்லை.

முதலில் கேட்கப் பழகுங்கள்

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார். செபெதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் வந்து நின்றபோது, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் இரண்டு ஆசனங்கள் கேட்டார்கள். சற்றுப் பின்னால், எரிகோ வழியோரத்தில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த குருடனான பர்திமேயுவிடமும் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டார். அவன் பார்வை கேட்டான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான், மனுஷகுமாரன் ஊழியங்கொள்ள வரவில்லை, ஊழியஞ்செய்யவே வந்தார் என்ற 45ஆம் வசனம் இருக்கிறது.

பல ஆண்டுகளாக அந்த 45ஆம் வசனத்தை மட்டும் நான் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் இரு பக்கமும் நிற்கும் கேள்வி என் கண்ணில் படவே இல்லை. குருடன் ஒருவன் கூக்குரலிட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். அவனுக்கு என்ன தேவை என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனைக் கேட்டார். அவன் வாயாலேயே அதைச் சொல்ல இடம் கொடுத்தார்.

இதை எனக்குக் கற்பித்தது கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையிடம் இங்கேதான் இருக்கிறது. ஆகவே வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை இந்தத் தெருக்களில் தினமும் பார்க்கலாம். அவர்கள் காலால் உணர்ந்து நடப்பதற்காக நடைபாதையில் மேடு வைத்த ஓடுகள் பதித்திருக்கிறார்கள். வாலிபனாக இருந்தபோது துன் சம்பந்தன் சாலையோரத்தில் நின்ற ஒரு பெரியவரைக் கண்டேன். நன்மை செய்கிற வேகத்தில் அவருடைய கோல் பிடித்த கையையே பற்றி இழுத்தேன். அவர் தடுமாறிவிட்டார். கோல் தரையிலிருந்து எழும்பிக் காற்றில் நின்றது.

அவர் கோபப்படவில்லை. "தம்பி, என் கையை விடுங்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். கொடுத்தேன். முழங்கைக்குச் சற்று மேலே இலேசாகப் பிடித்துக்கொண்டு எனக்கு அரை அடி பின்னால் நடந்தார். என் உடம்பு ஏறுவதையும் இறங்குவதையும் அந்தப் பிடியிலேயே அவர் படித்துவிட்டார். நடைபாதையின் விளிம்பு வந்ததும் ஒரு நொடி நின்று, "படி இறங்குகிறது" என்று சொல்ல வேண்டும். இடம் குறுகினால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அவர் தானாகவே உங்கள் பின்னால் வந்துவிடுவார். உட்கார வைக்கும்போது தோளைப் பிடித்து அமுக்கக் கூடாது. அவர் கையை நாற்காலியின் முதுகில் வைத்தால் போதும். இவ்வளவையும் அந்தச் சில நிமிட நடையிலேயே அவர் சொல்லிக்கொடுத்தார்.

உங்களுக்கு முதல் பயிற்சி இதுதான். ஒரு வாரம் முழுவதும், யாருக்கு உதவப் போனாலும் கை வைப்பதற்கு முன் கேளுங்கள். "என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் 'ஒன்றும் வேண்டாம்' என்று வந்தால் அதையும் மதித்து நகருங்கள். கேட்காமல் செய்கிற உதவியில் பெரும்பாதி நம் மனநிறைவுக்காகச் செய்வது. இதைக் கொஞ்சம் கசப்பாகத்தான் நானும் ஒத்துக்கொண்டேன்.

ஆள் இல்லாத வேலை ஒன்றைப் பிடியுங்கள்

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் தங்குங்கள். எந்த வேலைக்கு ஆள் அதிகம், எந்த வேலைக்கு ஒரே ஆள் என்று பாருங்கள். பாடகர் குழுவில் இடம் கேட்டுப் பலர் காத்திருப்பார்கள். நாற்காலி அடுக்குவதற்கும், திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவதற்கும், சக்கர நாற்காலியில் வரும் பாட்டியைக் காரிலிருந்து இறக்குவதற்கும் வழக்கமாக ஒரே ஆள்தான் நிற்பார். அவரிடம் போங்கள். "ஆன்ட்டி, இன்றைக்கு எதில் உங்களுக்கு ஒரு கை குறைகிறது?" என்று கேளுங்கள்.

எங்கள் சபையில் அந்த ஆன்ட்டி நிற்பது பின்கட்டுச் சமையலறையில். மாதத்தில் ஒரு ஞாயிறு ஐக்கிய விருந்து நடக்கும். அன்று மீகூன் (அரிசிச் சேமியா) வறுத்த பெரிய குவாலி, அதாவது வாணலி, அவரிடம் வந்து சேரும். முதல் நாள் நான் நேராகச் சோப்பு நுரையோடு அதன்மேல் பாய்ந்தேன். அவர் என்னை நிறுத்தி, ஒட்டிக்கிடந்த மீகூனை முதலில் மரக்கரண்டியால் சுரண்டச் சொன்னார். பிறகு சம்பால் (மிளகாய் விழுது) எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் வழித்தெடுக்கச் சொன்னார். அப்படிச் செய்யாவிட்டால் சாக்கடை அடைத்துக்கொள்ளும், அடுத்த வாரம் யாரோ ஒருவர் குனிந்து அதைத் தோண்ட வேண்டும். அதன்பிறகு வெந்நீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற விட்டு, கடைசியில்தான் சோப்பு. அடுத்த வாரம் குனியப்போகிற அந்த முகம் தெரியாத ஆளை அவர் நினைவில் வைத்திருந்தார். பணிவிடை உள்ளம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது அந்தச் செய்தித்தாளில்தான் எனக்கு விளங்கியது.

வேலையைத் தேர்ந்தெடுத்த பிறகு மூன்று மாதம் மாற்றாதீர்கள். முதல் மாதம் உற்சாகம் நடத்தும். இரண்டாவது மாதம் அலுப்பு வரும். மூன்றாவது மாதம் யாரும் உங்களைக் கவனிப்பதில்லை என்பது தெரியவரும். உண்மையான பழக்கம் அங்கே தொடங்குகிறது. வர முடியாத நாளில் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுவிடுபவரால் வேலை இரண்டு மடங்காகிறது.

படம் எடுத்துப் போடாதீர்கள். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று சொன்னவர் கைப்பேசியைப் பார்த்ததில்லை, ஆனால் நம்மைப் பார்த்திருக்கிறார்.

வீடு

சபையில் குவாலி கழுவுபவர் வீட்டில் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுப் போனால் எல்லாம் வீண். இதற்கு விளக்கம் தேவையில்லை. உங்கள் மனைவியிடமோ, தாயிடமோ, அறையில் உடன் தங்கியிருக்கும் நண்பரிடமோ "என்ன செய்யட்டும்?" என்ற அந்தக் கேள்வியை இன்று இரவே கேளுங்கள்.

அண்டை வீட்டாரும் அந்நியரும்

கோலாலம்பூரில் நம் மாடிக் குடியிருப்பின் ஒரே நடையில் சீனக் குடும்பம், மலாய்க் குடும்பம், இந்துத் தமிழ்க் குடும்பம் எல்லாம் இருக்கும். இவர்களுக்குச் செய்யும் உதவியைத் தூண்டில் ஆக்காதீர்கள். உதவி செய்துவிட்டு அழைப்பிதழ் நீட்டினால், செய்த உதவிக்கு விலை கேட்டதாகிவிடும். மலாய் அண்டை வீட்டில் நோய், இறப்பு என்றால் உங்கள் அடுப்பில் சமைத்ததைக் கொண்டுபோகாமல் பழம் வாங்கிக்கொண்டு போங்கள். ஹலால் குறித்த சங்கடம் அவர்களுக்கு வராது. குடியிருப்பில் கோத்தோங்-ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, என்று அறிவிப்பு ஒட்டினால், துடைப்பத்தோடு முதலில் இறங்குபவர்களில் நீங்கள் இருங்கள். அங்கே யாரும் யார் எந்த மதம் என்று கேட்டுக்கொண்டு கால்வாய் சுத்தம் செய்வதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் சகோதரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்து எல்லாரும் குடும்பம் குடும்பமாகக் கலையும்போது அவர்கள் வாசலில் தனியாக நிற்பார்கள். அவர்களுக்குப் பழைய சட்டைகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருவது எளிது. அவர்களுக்கு வேண்டியதோ பல நேரங்களில் வேறு: மலாயில் இருக்கும் படிவம் ஒன்றைப் படித்துச் சொல்ல ஆள், கிளினிக்குக்குக் கூட வர ஒருவர். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் குடிமக்களைவிட மிக அதிகம். அந்தப் பயத்தாலேயே காய்ச்சலை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கட்டணத்தை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களோடு போங்கள். விசா, சம்பளச் சிக்கல் என்றால் நீங்களே வக்கீல் ஆகிவிடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு மறப்பது, உதவ முடியாது என்று சொல்வதைவிடக் கொடியது.

பிடிக்காதவர்களும் இருப்பார்கள். யோவான் 13இல் இயேசு மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, சீலையை (துண்டை) எடுத்து இடுப்பில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீஷர்களின் கால்களைக் கழுவியபோது அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸ் இன்னும் வெளியே போகவில்லை. அவன் எழுந்து போனது அதற்குப் பிறகுதான், 30ஆம் வசனத்தில். பெரிய வியாழன்தோறும் இந்தப் பகுதியை வாசிக்கக் கேட்கும்போது அந்த ஒரு ஜோடிக் கால்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கோபம் வரும்போது

வரும். சில மாதங்களிலேயே வரும். நீங்கள் வியர்க்க வியர்க்க நாற்காலி அடுக்கும்போது நான்கு பேர் தேநீர் குடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்போது மார்த்தாளின் குரல் உங்கள் தொண்டையில் ஏறும்: ஆண்டவரே, என் சகோதரி என்னைத் தனியே வேலை செய்ய விட்டிருப்பதைப்பற்றி உமக்குக் கவலையில்லையா?

லூக்கா 10இல், மார்த்தாள் விருந்து வேலையில் திணற, சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்ட அந்தக் கதையைச் சொல்லி, வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருங்கள் என்று பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அந்தப் பிரசங்கத்தில் எப்போதும் ஒரு குறை தெரியும். யோவான் 12ஐத் திறந்து பாருங்கள். பெத்தானியாவில் மறுபடி விருந்து. மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். மரியாள் மறுபடியும் அவர் பாதத்தருகே. அதே சகோதரிகள், அதே வேலை. இந்த முறை மார்த்தாள் வாயில் ஒரு முறையீடும் இல்லை. அவள் அடுப்படியை விட்டு ஓடவில்லை. அங்கே நின்றபடியே அவளுக்குள் ஏதோ மாறியிருக்கிறது.

அந்த மாற்றம் எப்படி வந்தது என்று வேதம் சொல்லவில்லை. என் அனுபவத்தில் உதவியது இரண்டு. ஒன்று, வேலைக்கு முன் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து ஒரு சங்கீதத்தைப் படிப்பது. கைகள் அதன் தாளத்திலேயே வேலை செய்யும். இன்னொன்று, கோபத்தை அந்த இடத்தில் கொட்டாமல், அடுத்த நாள் உரியவரிடம் நேராகப் போய், "அண்ணன், நேற்று எனக்கு ஆள் போதவில்லை; அடுத்த முறை ஒரு பத்து நிமிடம் கூட நிற்பீர்களா?" என்று கேட்பது. பெரும்பாலும் சரி என்றார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று நான் தீர்மானித்து வைத்திருந்தேன். கேட்டவர் யாரும் இல்லாததால் நின்றிருந்தார்கள்.

மறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்

புதியவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன். பணிவிடை என்ற பெயரில் உங்களைப் பிழிந்தெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஒருமுறை எனக்குத் தெரிந்த ஒரு வாலிபன், ஒரு சபைத் தலைவரின் வீட்டு வேலைகளை மாதக்கணக்கில் செய்தான். மறுத்தால் கர்த்தருக்குக் கீழ்ப்படியாதவன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் படிப்பு கெட்டது. நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

மிரட்டிச் செய்ய வைப்பது, பணத்தையோ உடலையோ கேட்பது, யாரிடமும் சொல்லாதே என்று சொல்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் விலகுங்கள். நம்பிக்கையான மூத்தவரிடமும், குற்றம் என்றால் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள். இயேசு சீலையைத் தாமே எடுத்துக் கட்டிக்கொண்டார். வேறொருவர் இடுப்பில் கட்டிவிடவில்லை.

அலுப்பும் தனி விஷயம். யாத்திராகமம் 18இல் மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளைத் தீர்க்கிறான். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, களைத்துப்போவீர் என்கிறார். ஆட்களைப் பிரித்து வேலையைப் பகிரச் சொல்கிறார். மோசேயும் கேட்டுக்கொண்டான். மூன்று மாதம் முடிந்ததும் நீங்களும் உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். செய்தித்தாள் சூட்சுமத்தையும் சேர்த்து.

கடைசிப் படி: பெற்றுக்கொள்வது

எல்லாவற்றிலும் இதுதான் எனக்குக் கடினம். பேதுருவுக்கும் அப்படித்தான், நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவக்கூடாது என்றான். செய்யத் தயாராக இருந்தவனுக்கு, பெற்றுக்கொள்ளத் தயக்கம். தோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த ஆமி கார்மைக்கேல் அம்மையாரை நம் தமிழ்ச் சபைகள் அறியும். 1931இல் தவறி விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கிடந்தார். அத்தனை ஆண்டுகள் பிறர் கையால் பணிவிடை பெறுவதும் ஒருவருக்கு அழைப்பாக இருக்க முடியும் என்று அவரை நினைக்கும்போது தோன்றுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வார்டில் படுத்திருந்தேன். பார்வை நேரத்தில் வந்தவர்கள் பழத்தட்டுகளை வைத்து, ஜெபித்து, போனார்கள். பிறகு வெள்ளைக் கோல் தரையைத் தட்டும் ஓசை. பிரிக்ஃபீல்ட்ஸ் பெரியவர். அன்று அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. ரயில் பிடித்து, வழி விசாரித்து, தனியாக வந்திருந்தார்.

"தம்பி, என்ன செய்யட்டும்?" என்றார்.

"ஒன்றும் வேண்டாம் ஐயா, உட்காருங்கள்."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மறுபடியும் அதையே கேட்டார். என் உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்ப் போத்தல் கைக்கு எட்டாத மேசையில் இருந்தது. சொன்னேன்.

அவர் புறங்கையால் மேசையைத் தடவிக்கொண்டே போய்ப் போத்தலைக் கண்டுபிடித்தார். கண்ணாடிக் குவளையைக் கண்டுபிடித்தார். ஆட்காட்டி விரலின் நுனியைக் குவளையின் விளிம்புக்குள் மடக்கி வைத்துக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்தினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. விரலைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு, குவளையை நீட்டி, என் கை அதைப் பிடிக்கும்வரை காத்திருந்தார்.